தோற்றால் லாபம்: ஸ்விண்டன் கிளப் தலைவர் கட்டிய பந்தயம்

பந்தயம் கட்டி மாட்டிக்கொண்டவர்களின் கதைகளில் பெரும்பாலும் பணத்தை விட்டவர்கள்தான் வருவார்கள். முதலில் கொஞ்சம் விடுவார்கள், அதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம், அப்புறம் கடன், அப்புறம் பொய். பிரையன் ஹில்லியரின் கதை அப்படியில்லை. அவர் சம்பந்தப்பட்ட பந்தயம் ஜெயித்தது. 1988 ஜனவரி 30 அன்று இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் நான்காம் சுற்றில் நியூகாசில் யுனைடெட், ஸ்விண்டன் டவுனை 5–0 என்று துவைத்து எடுத்தது. நியூகாசில் ஜெயிக்கும் என்று 6,500 பவுண்டு கட்டப்பட்டிருந்தது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: ஹில்லியர் ஸ்விண்டன் டவுன் கிளப்பின் தலைவர்.

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள் ஸ்விண்டனை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1990-ல் வெம்ப்ளியில் ஜெயித்து முதல் டிவிஷனுக்கு ஏறிய அணி, பத்தே நாளில் கீழே தள்ளப்பட்டது. வீரர்களுக்குக் கணக்கில் காட்டாமல் பணம் கொடுத்ததுதான் காரணம். அந்தப் பெரிய கதைக்குப் பக்கத்தில் பந்தய விவகாரம் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. எனக்கென்னவோ அந்த அடிக்குறிப்பிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும் என்று படுகிறது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே பழக்கம்தான். கிளப்பின் கல்லாவைத் தன் கடைக் கல்லாவாகவே பார்க்கிற பழக்கம்.

கீழே கிடந்த கிளப்

ஸ்விண்டன் ஒரு ரயில்வே ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை வந்ததால் வளர்ந்த ஊர். கிளப்பின் பெரிய பெருமை 1969-ல் வந்தது. மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டே லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலை 3–1 என்று சாய்த்தார்கள். கூடுதல் நேரத்தில் டான் ராஜர்ஸ் போட்ட இரண்டு கோல்களைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அதற்கப்புறம் இறங்குமுகம். 1982-ல் கிளப் வரலாற்றிலேயே முதல் முறையாக நான்காம் டிவிஷனுக்கு விழுந்தார்கள். 1984-ல் அங்கேயும் 17-ஆம் இடம். போதாததற்கு 1986-ல் ரயில்வே பட்டறையும் மூடப்பட்டது. ஊருக்கே வேலை போன மாதிரி ஆன நேரம்.

1984 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து லூ மகாரி வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். மேனேஜராகவும் இருப்பார், ஆடவும் செய்வார். வீரர்களை ஓடவிட்டே பிழிந்தெடுப்பார் என்று பெயர் வாங்கியவர். குடி கிடையாது, ஆனால் குதிரைப் பந்தயத்தில் பிரியம் அதிகம், அதை அவர் மறைத்ததும் இல்லை. 1985 ஏப்ரலில் மகாரிக்கும் அவருடைய உதவியாளர் ஹாரி கிரெக்குக்கும் ஒத்துப்போகாமல் போக, நிர்வாகம் இருவரையுமே வீட்டுக்கு அனுப்பியது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் மகாரி திரும்ப வந்தார், கிரெக் வரவில்லை. மேனேஜரின் பக்கம் ஊரே நிற்கிறது என்பதை அந்த வாரத்தில் நிர்வாகம் கற்றுக்கொண்டது.

அடுத்த சீசனிலேயே நான்காம் டிவிஷன் சாம்பியன். 102 புள்ளிகள், அன்றைக்கு அது சாதனை. 1987-ல் மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டியின் இறுதியில் கில்லிங்கம் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடியும் தீராமல், லண்டனில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மூன்றாவது ஆட்டம் வைத்து 2–0 என்று ஜெயித்து இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். இரண்டே வருடத்தில் இரண்டு படி. ஹில்லியர் தலைவர் நாற்காலியில் இருந்தது இந்த ஏறுமுகக் காலத்தில்தான். அவருடைய கதையை வெறும் வில்லன் கதையாக எழுத முடியாததற்கு இதுதான் காரணம். அவர் காலத்தில் கிளப் உருப்பட்டது. மைதானத்துக்குக் கூட்டம் வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் பேசிக்கொள்ள ஏதோ கிடைத்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிளப் தலைவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மாதிரி எண்ணெய் வயல்காரரோ அமெரிக்க முதலீட்டு நிறுவனமோ இல்லை. பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலதிபர். கிளப்பில் கொஞ்சம் சொந்தப் பணத்தைப் போட்டிருப்பார், சனிக்கிழமை இயக்குநர்கள் பகுதியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார், ஊரில் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். பல காலம் இயக்குநர்கள் சம்பளமே வாங்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது. 1980-களின் தொடக்கத்தில்தான் அது தளர்ந்தது. சம்பளம் வாங்காமல் சொந்தக் காசைப் போட்டு நடத்துகிறவருக்கு ஒரு மனநிலை வந்துவிடும். நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தாக்களிடமும் இதைப் பார்த்திருக்கிறோம். நான் போட்ட பணம், நான் பார்த்துக்கொள்கிறேன், யார் கேட்பது என்கிற மனநிலை. அதில் கெட்ட எண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் முதலில் அடிவாங்குவது அங்கேதான்.

அந்தப் பந்தயம்

1988 ஜனவரி. ஸ்விண்டன் இரண்டாம் டிவிஷனில், நியூகாசில் முதல் டிவிஷனில். ஆட்டம் நியூகாசிலின் சொந்த மைதானத்தில். இளம் பால் கேஸ்காய்ன் அப்போது அந்த அணியில் இருந்தார். ஆக, நியூகாசில் ஜெயிக்கும் என்று பணம் கட்ட யாருக்கும் உள் ரகசியம் தேவைப்பட்டிருக்காது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்.

இந்த மாதிரிப் பந்தயத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம், இது இன்ஷூரன்ஸ் மாதிரி என்பது. ஒரு நிமிடம் அந்த நியாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பார்ப்போம். சின்னக் கிளப்புக்குக் கோப்பைப் போட்டி என்பது லாட்டரி. ஒரு சுற்று தாண்டினால் அடுத்த ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் பங்கு கிடைக்கும். பெரிய அணியோடு மோதினால் அந்தப் பங்கு கொழுக்கும். தோற்றால் அந்த வருமானம் போச்சு. அப்படியென்றால் தோல்விக்குப் பணம் கட்டிவை. ஜெயித்தால் பந்தயப் பணம் போகும், ஆனால் அடுத்த சுற்று வசூல் வரும். தோற்றால் வசூல் போகும், பந்தயப் பணம் வரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் கை நஷ்டப்படாது. வியாபாரிக்கு இது சூதாட்டமாகவே தெரியாது, சாமர்த்தியமாகத்தான் தெரியும்.

ஓட்டை எங்கே இருக்கிறது? இன்ஷூரன்ஸ் எடுக்கிறவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கம்பெனியிடம் சொல்லியாகவேண்டும். சர்க்கரை வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தால் பிற்பாடு கிளெய்ம் செல்லாது. பந்தயத்தில் நேர் எதிர். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதில்தான் லாபமே. எந்த வீரருக்குக் காலில் அடி, யார் மேனேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார், யாருடைய ஒப்பந்தம் இழுபறியில் இருக்கிறது என்பதெல்லாம் கிளப் தலைவரின் மேஜைக்கு வந்துபோகிற விஷயங்கள். புக்கிக்கு அது எதுவும் தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. வீரருக்கு வெற்றி போனஸ் எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் தலைவர். மேனேஜரை வைத்திருப்பதா, துரத்துவதா என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். ஒரு ஆட்டக்காரன் தன் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டினால் அவனால் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் கெடுக்க முடியும். தலைவர் மைதானத்துக்குள் காலே வைப்பதில்லை என்றாலும் பதினொரு பேரின் சம்பளமும் அவர் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆட்டத்தின் தோல்வியில் காசு கிடைக்கும் என்றால், அவர் எதையுமே செய்யாவிட்டாலும் அந்த ஆட்டம் கறைபட்டதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அந்த ஆட்டம் விற்கப்பட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. குற்றச்சாட்டே அதுவல்ல. விதியை மீறிப் பந்தயம் கட்டப்பட்டது என்பது மட்டும்தான் வழக்கு. 5–0 என்ற கணக்கைப் பார்த்துவிட்டு அன்றைய ஸ்விண்டன் வீரர்களைச் சந்தேகப்பட எந்த முகாந்திரமும் இல்லை. அவர்கள் தங்களைவிட நல்ல அணியிடம் தோற்றார்கள், அவ்வளவுதான். ஆனால் பந்தயம் வெளியே தெரிந்தபின் அந்தப் பதினொரு பேரும் இந்த மாதிரி ஒரு விளக்கத்தைச் சுமக்கவேண்டியிருக்கிறது பாருங்கள், தலைவர் செய்த அநியாயம் அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் பழைய தழும்பு ஒன்றும் உண்டு. 1962 டிசம்பரில் இப்ஸ்விச்சிடம் தங்கள் அணி தோற்கும் என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே வீரர்கள் மூவர் பணம் கட்டினார்கள். ஆளுக்கு 50 பவுண்டு. அணி 2–0 என்று தோற்றது. 1964-ல் ‘தி பீப்பிள்’ என்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. பீட்டர் ஸ்வான், டோனி கே, டேவிட் லெய்ன் மூவரும் 1965-ல் சிறைக்குப் போனார்கள். கால்பந்திலிருந்து ஆயுள் தடை. ஸ்வானும் கேயும் இங்கிலாந்து அணிக்கு ஆடியவர்கள். ஏழு வருடம் கழித்துத்தான் தடை நீக்கப்பட்டது. 1988-ல் கிளப் நிர்வாகத்தில் இருந்த யாருக்கும் இந்தக் கதை தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. கால்பந்து சங்கத்தின் விதி அப்போதும் கறாராகத்தான் இருந்தது: ஆட்டக்காரரோ அதிகாரியோ ஆட்டங்கள்மேல் பந்தயம் கட்டக் கூடாது. வீட்டுக்கு வீடு சீட்டு நிரப்பி அனுப்பும் ‘பூல்ஸ்’ போட்டிக்கு மட்டும் விலக்கு.

ஆறு மாதம், மூன்று வருடம்

விஷயம் வெடித்தபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது. 1989 கோடையில் மகாரி லண்டனுக்கு, வெஸ்ட் ஹாம் மேனேஜராகப் போய்விட்டார். ஸ்விண்டனில் அவர் இடத்துக்கு அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை வீரர் ஒஸ்வால்டோ ஆர்டிலெஸ் வந்திருந்தார். அணி முன்பைவிட அழகாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் பழைய பந்தயம் கால்பந்து சங்கத்தின் விசாரணைக்கு வந்தது.

1990 பிப்ரவரியில் தீர்ப்பு. ஹில்லியருக்கு ஆறு மாதத் தடை. அதே பந்தயத்தில் சம்பந்தப்பட்டதற்காக மகாரிக்கு 1,000 பவுண்டு அபராதமும் கண்டனமும். கிளப்புக்கு 7,500 பவுண்டு அபராதம். அதே மாதத்தில் மகாரி வெஸ்ட் ஹாமிலிருந்து விலகினார். அங்கே அவர் முழுதாக ஒரு சீசன்கூட இருக்கவில்லை.

ஹில்லியர் மேல்முறையீட்டுக்குப் போனார். மேல்முறையீடு என்றால் தண்டனை குறையும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். இங்கே ஆறு மாதம் மூன்று வருடமாக வளர்ந்தது. விளையாட்டுச் சங்கங்களின் விசாரணை நீதிமன்றம் மாதிரி நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று வருடம் அதிகம் என்றும் நான் நினைக்கவில்லை. கிளப் தலைவர் ஒருவர் சொந்த அணியின் தோல்வியில் பணம் பார்த்த விவகாரத்துக்கு ஆறு மாதம் என்பது, அதிலும் இடையில் கோடை விடுமுறை வேறு வரும் ஆறு மாதம், கண்டித்த மாதிரிக் காட்டிக்கொள்வதுதான்.

கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்

பந்தயத்தைத் தோண்டியவர்கள் கையில் வேறொன்று சிக்கியது. 1985 முதல் 1989 வரை ஸ்விண்டன் தன் வீரர்களுக்கு மேஜைக்கு அடியில் பணம் கொடுத்து வந்திருக்கிறது.

இதன் நடைமுறை எளிது. ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும், டிவிஷன் போட்டிகளை நடத்தும் லீக் அமைப்பின் அலுவலகத்தில் பதிவாகவேண்டும். இன்ன சம்பளம், இன்ன போனஸ் என்று எழுத்தில் இருக்கவேண்டும். அதிலிருந்து வருமான வரியையும் தேசியக் காப்பீட்டுத் தொகையையும் கிளப்பே பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். நான்காம் டிவிஷனில் கிடக்கும் கிளப்புக்கு நல்ல வீரர் வரமாட்டார். வரவைக்கவேண்டும் என்றால் எழுத்தில் ஒரு தொகை, கவரில் ஒரு தொகை. கவரில் போவதற்கு வரி கிடையாது. அந்தக் காலத்தில் டிக்கெட் பணம் பெரும்பகுதி நுழைவாயிலில் ரொக்கமாக வந்ததால், கிளப் என்பது இயல்பாகவே சில்லறை புழங்கும் இடம். வீரருக்கும் லாபம், கிளப்புக்கும் லாபம். பக்கத்துக் கிளப் ஒழுங்காக வரி கட்டிவிட்டு மிச்சக் காசில் அணி கட்டிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் நஷ்டம். அந்த 102 புள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இந்த நினைப்பையும் தள்ளிவைக்க முடியவில்லை.

1990 மே 1 அன்று ஹில்லியர், மகாரி, கிளப்பின் முன்னாள் கணக்காளர், அணியின் கேப்டன் காலின் கால்டர்வுட் நால்வரும் கைது செய்யப்பட்டார்கள். வரித்துறையை ஏமாற்றச் சதி செய்தார்கள் என்பது புகார். கால்டர்வுட் மேல் வழக்கு எதுவும் போடாமல் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நாளைக் கவனியுங்கள். சீசன் முடிய இன்னும் சில நாள்தான். ஸ்விண்டன் இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடத்தில் முடித்து பிளே-ஆஃபுக்குப் போகிறது. லீக்கின் ஒழுங்கு விசாரணை பிளே-ஆஃப் முடிந்தபிறகு என்று தள்ளிப்போனது. அதுதான் இந்த விவகாரத்தில் நடந்த மிகக் கொடுமையான முடிவு என்பேன். தண்டனை வரப்போகிறது என்று தெரிந்த அணியை, ஆடிப் பார், அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அணி ஆடியது. அரையிறுதியில் பிளாக்பர்னை இரண்டு ஆட்டத்திலும் 2–1 என்று ஜெயித்தது. மே 28 அன்று வெம்ப்ளியில் 72,873 பேர் முன்னால் சண்டர்லாண்டோடு இறுதி ஆட்டம். ஆலன் மெக்லாக்லின் அடித்த பந்து எதிரணி வீரர் மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. 1–0. கிளப் வரலாற்றில் முதல் முறையாக முதல் டிவிஷன். கோல் அதிர்ஷ்டத்தில் விழுந்தது என்றாலும் ஆட்டம் அப்படியில்லை. அன்றைக்கு ஸ்விண்டன் ஆடியதைப் பார்த்தவர்கள் 1–0 கம்மி என்பார்கள்.

ஜூன் 7. லீக்கின் விசாரணை. ஸ்விண்டன் 36 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டது. அவற்றில் 35 வீரர்களுக்குக் கொடுத்த முறைகேடான பணம் பற்றியவை. தீர்ப்பு: முதல் டிவிஷன் கிடையாது, இரண்டாமும் கிடையாது, நேராக மூன்றாம் டிவிஷனுக்குப் போ. ஒரே நாளில் இரண்டு படி இறக்கம். ஏறுவதற்கு எத்தனை வருடம் ஆனது என்று மேலே சொன்னேன்.

ஊர் திரண்டது, மனுக்கள் போயின, கால்பந்து சங்கத்தில் மேல்முறையீடு நடந்தது. ஜூலை 2-ஆம் தேதி தண்டனை குறைந்தது: இரண்டாம் டிவிஷனிலேயே இருக்கலாம், மேலே போக முடியாது. காலியான முதல் டிவிஷன் இடம் வெம்ப்ளியில் தோற்ற சண்டர்லாண்டுக்குப் போனது. அவர்கள் லீக்கில் ஆறாம் இடம் வந்தவர்கள். மூன்றாம் இடம் வந்தது யார் தெரியுமா? நியூகாசில். எந்த அணி ஜெயிக்கும் என்று 1988-ல் பணம் கட்டப்பட்டதோ அதே நியூகாசில். 1989-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, அடுத்த வருடமே மூன்றாம் இடம் பிடித்து, பிளே-ஆஃப் அரையிறுதியில் பரம எதிரி சண்டர்லாண்டிடமே தோற்று வெளியேறியவர்கள். அந்த ஊர் ரசிகனுக்கு அந்த ஜூன் மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் ஸ்விண்டன்காரர்களின் வயிற்றெரிச்சல்கூடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது.

நீதிமன்ற வழக்கு 1992 வரை இழுத்தது. வின்செஸ்டர் நீதிமன்றத்தில் மகாரி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கணக்காளருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஹில்லியருக்கு 12 மாதச் சிறை.

யார் செய்தது, யார் கட்டியது

தண்டனைக் கணக்கை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். தலைவர் தடைபட்டார், சிறைக்கும் போனார். அது அவர் செய்ததுக்கு. ஆனால் முதல் டிவிஷனை இழந்தது ஆர்டிலெஸும் அவருடைய வீரர்களும். ஆர்டிலெஸ் 1989 கோடையில்தான் அந்த ஊருக்கு வந்தார். பந்தயத்துக்கும் கவருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிக்கெட் வாங்கி வெம்ப்ளி போன ரசிகனுக்கும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கவர்ப் பணத்தில் சேர்ந்த அணிதானே படிப்படியாக ஏறிவந்தது, அந்த ஏற்றத்தின் பலன் மட்டும் எப்படிக் கிளப்புக்கே இருக்கலாம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தலைவரை மட்டும் தண்டித்து ஏற்றத்தை விட்டுவைத்தால் அடுத்த ஊர்த் தலைவருக்கு என்ன தோன்றும்? நான் ஒருத்தன் மாட்டிக்கொண்டாலும் கிளப் மேலே போய்விடும் என்றுதானே. அதனால் ஏறவிடாமல் நிறுத்தியதை நான் எதிர்க்கவில்லை. மூன்றாம் டிவிஷன் வரை தள்ள நினைத்ததுதான் ஆத்திரத்தில் எழுதிய தீர்ப்பு.

எதிர்க்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. நான்கு வருடம் கழித்து, 1994-ல், இதே மாதிரி 1980-களின் முறைகேடான பணப் பட்டுவாடாவுக்காக டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் மாட்டியது. முதலில் 12 புள்ளிகள் வெட்டு, எஃப்.ஏ. கோப்பையிலிருந்து ஒரு வருடம் நீக்கம், 6 லட்சம் பவுண்டு அபராதம். பெரிய வக்கீல்கள் வந்தார்கள், மேல்முறையீடும் நடுவர் மன்றமும் நடந்தன. கடைசியில் புள்ளியும் வெட்டவில்லை, கோப்பையிலும் ஆடினார்கள். அபராதம் மட்டும் 15 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. பணமுள்ள கிளப் பணத்தால் கட்டியது. ஸ்விண்டனிடம் அவ்வளவு பணம் இல்லை. அதனால் டிவிஷனால் கட்டியது. இரண்டு கிளப்புகளின் குற்றமும் முழுக்க ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்விண்டன் ரசிகர் ஒருவரிடம் டாட்டன்ஹாம் பெயரை எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள அங்கே போய்ப் பார்க்கவேண்டிய அவசியமில்லை.

விதி இன்றைக்கு எங்கே நிற்கிறது

இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் இடையில் பல வருடம் ஒரு நடுவழியில் போனது. நீ சம்பந்தப்பட்ட போட்டித் தொடரில் பந்தயம் கட்டாதே, மற்றதில் கட்டிக்கொள் என்கிற மாதிரி. 2014 ஆகஸ்ட் 1 முதல் அதையும் மூடிவிட்டார்கள். முதல் எட்டு நிலைகளில் இருக்கும் ஆண்கள் கிளப்புகளில் யாராக இருந்தாலும், உலகத்தில் எந்த மூலையில் நடக்கும் கால்பந்து ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது. ஆட்டம் மட்டுமில்லை, எந்த வீரர் எந்தக் கிளப்புக்குப் போவார், அடுத்த மேனேஜர் யார் என்பதிலும் கூடாது. உள் தகவலை வெளியாளிடம் சொல்லி அவர் கட்டினாலும் சொன்னவர் மாட்டுவார். இயக்குநர், மேனேஜர், பயிற்சியாளர், ஆட்டக்காரர் எல்லோருக்கும் ஒரே விதி.

அதே 2014-ல் அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப்பின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் 21 மாதத் தடை வாங்கினார். நூற்றுக்கணக்கான பந்தயங்கள், அவற்றில் சொந்தக் கிளப்பின் ஆட்டங்களும் இருந்தன. இதில் விசித்திரம் என்னவென்றால், அதற்கு ஐந்து வருடம் முன்பு 2009-ல் அதே கிளப்பின் வீரர்கள் பந்தய வழக்கில் தடை வாங்கியிருந்தார்கள். 2008 மே மாதம் பரி அணியோடு நடந்த ஆட்டத்தில், தங்கள் அணி தோற்கும் என்று கட்டிய விவகாரம். வீரர்களுக்கு ஒரு வருடம் வரை தடை கிடைத்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்த கிளப்பின் நிர்வாக அறையிலேயே அடுத்த வழக்கு முளைத்தது. மேலே இருப்பவருக்கு அந்த விதி தனக்கும்தான் என்று தோன்றுவதே இல்லை போலிருக்கிறது.

இப்போதெல்லாம் பந்தய வழக்கு என்றாலே வீரர்களின் எண்ணிக்கைதான் தலைப்பாகிறது. 2017-ல் ஜோயி பார்ட்டன், 1,260 பந்தயங்கள், 18 மாதத் தடை. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. 2023-ல் ஐவன் டோனி, 232 மீறல்கள், எட்டு மாதத் தடை. போன் ஆப்பில் விரல் வைத்தால் பந்தயம் என்றான காலத்தில் எண்ணிக்கை இப்படித்தான் ஏறும். சட்டையில் பந்தய நிறுவனத்தின் பெயரையே மாட்டிக்கொண்டு ஆடச் சொல்லிவிட்டு, நீ மட்டும் கட்டாதே என்பதில் இருக்கிற வேடிக்கையை வீரர்கள் சொல்லிக்காட்டவும் செய்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் பந்தயம் கட்டிய வீரருக்கு உதவியும் சிகிச்சையும் தேவைப்படலாம். அது ஒரு நோயின் கணக்கு. சொந்த அணி தோற்கும் என்று ஒரே ஒரு முறை நிதானமாக 6,500 பவுண்டு போடுவது நோயாகத் தெரியவில்லை. எனக்கு அந்த 1,260-ஐவிட இந்த ஒன்றுதான் பெரிதாகப்படுகிறது.

ஸ்விண்டன் என்ன ஆனது என்றும் சொல்லவேண்டும். 1991 மார்ச்சில் ஆர்டிலெஸ் மேனேஜராகக் கிளம்பிப்போன ஊர், வேறெது, நியூகாசில். கிளென் ஹாடில் வந்தார். ஹில்லியரின் மூன்று வருடத் தடை முடியும் 1993-ல், மே மாதம், ஸ்விண்டன் மறுபடி வெம்ப்ளியில் நின்றது. லெஸ்டர் சிட்டிக்கு எதிராக 3–0 என்று முன்னால் போய், 3–3 என்று கோட்டைவிட்டு, பால் போடினின் பெனால்டியில் 4–3 என்று ஜெயித்தது. இந்த முறை யாரும் பிடுங்கவில்லை. முதல் டிவிஷனின் இடத்தில் அப்போது வந்திருந்த பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு சீசன். ஐந்தே வெற்றி, வாங்கியது 100 கோல், கடைசி இடம். மூன்று வருடம் முன்பு கைதாகி வழக்கில்லாமல் வெளியே வந்த கால்டர்வுட், லெஸ்டரை வென்ற அணியிலும் இருந்தார். பிரீமியர் லீக்கில் ஸ்விண்டனுக்காக அவர் ஆடவில்லை. அந்தக் கோடையிலேயே அவரை வாங்கிக்கொண்டு போனது டாட்டன்ஹாம்.